தகட்டில் ஓட்டை, கணக்கில் ஓட்டை



சென்ற மாதம் எனது ஹார்ட்வெயார் கடைக்கு இளைஞர் ஒருவர் வந்தார். புதிதாக அலுமினிய வேலைத்தளம் ஒன்று தொடங்கியிருக்கிறாராம். "நானா, 22 மில்லிமீட்டர் ட்றில் பிட் ஒன்று தாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் சுவிட்ச் பூட்ட ஓட்டை போட வேணும்" என்றார்.

பிட்டை எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கலாம். நான் கொடுக்கவில்லை. அவரை உட்கார வைத்து, ஒரு பிளேன்டீ வரவழைத்து, 2004ஆம் ஆண்டு எனக்கு நடந்ததைச் சொன்னேன். அதையே இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன். தகட்டு வேலை செய்யாதவர்களும் கணக்குப் பகுதியையாவது வாசியுங்கள். அது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

நஷ்டம் வந்த விதம்

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடைக்குப் பின்னால் சிறிய வேலைத்தளம் ஒன்றும் நடத்தினேன். மின்சார வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் ஒருவர் 48 முகப்புத் தகடுகளுக்கு ஓடர் தந்தார். நெல் ஆலைகளில் மோட்டர்களை இயக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கானவை அவை. தடிப்பு 1.5 மி.மீ., நீளம் ஓர் அடி, அகலம் எட்டு அங்குலம். ஒவ்வொரு தகட்டிலும் மூன்று ஓட்டைகள். ஒன்று ஓட வைக்கும் பட்டனுக்கு, ஒன்று நிறுத்தும் பட்டனுக்கு, மற்றது சிறிய விளக்குக்கு.

எட்டடிக்கு நாலடி முழுத்தகடு ஒன்றில் இந்த அளவில் சரியாக 48 துண்டுகள் வரும். நானும் ஒரே ஒரு தகடுதான் வாங்கினேன். சேதாரத்துக்கு என்று ஒரு துண்டுகூட வைக்கவில்லை. விலை சொல்லும்போது தகட்டின் விலை, வெட்டுக்கூலி, ஓட்டைக்கு ஒரு உத்தேசத் தொகை, அதற்குமேல் லாபம் என்று கூட்டிச் சொன்னேன். அந்த ஓட்டையை எப்படிப் போடப் போகிறோம் என்று யோசிக்கவே இல்லை. ட்றில் இருக்கிறது, பையன் இருக்கிறான், ஓட்டைதானே என்பதுதான் என் நினைப்பு.

முதல் நான்கு தகடுகளிலும் ஓட்டைகள் வட்டமாக வரவில்லை. மூன்று மூலை வைத்த மாதிரி, விளிம்பெல்லாம் பிசிறோடு வந்தன. "கொஞ்சம் அழுத்திப் பிடி" என்று நான்தான் சொன்னேன். ஐந்தாவது தகட்டில் பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் தகட்டைக் கொத்திப் பிடித்தது. தகடு அந்தப் பதினெட்டு வயதுத் தம்பியின் கையிலிருந்து பறந்து, காற்றாடி போலச் சுழன்றது. உள்ளங்கையில் ஐந்து தையல்.

மறுநாள் கொந்தராத்துக்காரர் வந்து அந்த நான்கு தகடுகளையும் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. "முதலாளி, தகடு எங்கேயும் வாங்கலாம். நான் உங்களிட்டக் காசு தந்து வாங்குறது ஓட்டையைத்தான்" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

பாஸ் காட்டிய கணக்கு

அன்று பின்னேரம், கார் பொடி வேலை செய்யும் வயதான டிங்கர் பாஸ் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பழுதான தகட்டையும் 22 மி.மீ. பிட்டையும் கையில் எடுத்தார். பிட்டின் கூரான மூக்கைத் தகட்டின் விளிம்போடு ஒட்டி வைத்தார். "முதலாளி, மூக்கு எவ்வளவு, தகடு எவ்வளவு, பாருங்க" என்றார். விஷயம் அவ்வளவுதான்.

சாதாரண ட்றில் பிட்டின் மூக்கு 118 பாகைக் கோணத்தில் தீட்டப்பட்டிருக்கும். அந்தக் கூம்பின் உயரம், பிட்டின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு. 22 மி.மீ. பிட்டுக்கு மூக்கு மட்டும் ஆறரை மி.மீ. வரும். தகடோ ஒன்றரை மி.மீ. ஆகவே பிட்டின் முழு அகலமும் தகட்டுக்குள் இறங்குமுன்பே அதன் நுனி மறுபக்கம் வெளியே போய்விடுகிறது. நுனி வெளியே போனால் பிட்டை நடுவில் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. அது ஆடுகிறது. ஆடுவதால் ஓட்டை முக்கோணமாகிறது. வெட்டும் ஓரங்கள் மெல்லிய தகட்டைக் கொத்திப் பிடிக்கின்றன. அப்போது தகடு சுழல்கிறது.

இதிலிருந்து ஒரு சுலபமான விதி கிடைக்கிறது. பிட்டின் விட்டம் தகட்டின் தடிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது. 1.5 மி.மீ. தகட்டில் நாலரை மி.மீ. வரை சாதாரண பிட்டை நம்பலாம். அதற்கு மேல் என்றால் வேறு ஆயுதம் வேண்டும், அல்லது தகட்டைத் தடிப்பாக்க வேண்டும்.

தகட்டை எப்படித் தடிப்பாக்குவது? ஒரே மாதிரித் துண்டுகள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் பிளைவூட் பலகை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஐந்து தகடும் சேர்ந்து ஏழரை மி.மீ. ஆகிவிடும். இப்போது 10 மி.மீ. பிட்கூட ஆடாமல் இறங்கும். ஓட்டையும் வட்டமாக வரும், ஐந்து தகட்டிலும் ஒரே இடத்தில் வரும், பிசிறும் மிகவும் குறையும். மெஷின் மாற்றவில்லை, பிட் மாற்றவில்லை. கீழே ஒரு பலகையும் மேலே ஒரு பலகையும்தான்.

எந்த ஓட்டைக்கு எந்த ஆயுதம்

ஒன்று: சிறிய ஓட்டைகள். பொப் ரிவெட் அடிக்கும் ஓட்டைகள் இந்த வகை. ரிவெட்டின் அளவிலேயே ஓட்டை போட்டால் ரிவெட் நுழையாது, மிகவும் பெரிதாகப் போட்டால் பிடிக்காது. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3, 4.0 ரிவெட்டுக்கு 4.1, 4.8 ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. பிட் பாவியுங்கள்.

இரண்டு: 5 முதல் 20, 30 மி.மீ. வரை. இதற்கு ஸ்டெப் ட்றில் நல்லது. படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு போன்ற பிட் அது. ஒவ்வொரு படியும் முந்திய படி போட்ட ஓட்டையைப் பிடித்துக்கொண்டே இறங்குவதால் ஆடாது. ஒரு படியின் உயரத்தைவிடத் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும். ஒரு படி கூடுதலாகப் போனால் தகடு பழுது. ஆகவே வேண்டிய படிக்கு மேலே நிறப் பேனையால் ஒரு வளையம் கீறி வையுங்கள்.

மூன்று: ஒரே அளவில் பல ஓட்டைகள். பாஸ் அன்று பாவித்தது இதைத்தான். நொக்அவுட் பஞ்ச் என்பார்கள். ஒரு பக்கம் வெட்டும் துண்டு, மறுபக்கம் அது போய் இறங்கும் கிண்ணம், இரண்டையும் சேர்க்கும் ஒரு போல்ட். முதலில் போல்ட் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பிறகு இரு பக்கமும் துண்டுகளைப் பூட்டி ஸ்பெனரால் இறுக்கினால், தகடு காகிதம் போல வெட்டுப்படும். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, பிசிறும் இல்லாத மாதிரித்தான். போல்ட்டுக்கான முதல் ஓட்டை கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அது வெட்டுப்படும் வட்டத்தோடு போய்விடும். அதன் மையம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நான்கு: 30 மி.மீ. இற்கு மேல். ஹோல் சோ எனப்படும் வட்ட வாள் பாவிக்கலாம். கை ட்றிலில் பூட்டினால் ஆடி, அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டும். பெஞ்ச் ட்றிலில் பூட்டி, அடியில் பலகை வைத்து, மெதுவான வேகத்தில் வெட்டுங்கள். இடையிடையே தூக்கிப் பல்லில் சிக்கிய துருவலைத் தட்டிவிடுங்கள்.

ஐந்து: ஆயுதம் இல்லாத அளவுகள். வட்டத்தைக் கீறி, அதன் உட்பக்கமாக நெருக்கமாகச் சிறிய ஓட்டைகள் போட்டு, நடுத்துண்டை எடுத்துவிட்டு, அரை வட்ட அரத்தால் கோடு வரை ராவுங்கள். அலுமினியம் அரத்தின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துண்டு தகட்டில் கீறல் போடும். அரத்தில் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொண்டால் ஒட்டுவது குறையும்.

வேலையின் ஒழுங்கு

முதலில் அளவு. 22 மி.மீ. பட்டன் என்று வியாபாரத்தில் சொல்லப்படும் சுவிட்சுக்கு உண்மையில் வேண்டிய ஓட்டை 22.3 மி.மீ. இலிருந்து தொடங்குகிறது. சரியாக 22 இல் போட்டால் பட்டன் இறங்காது. ஆகவே வாயால் சொல்லும் அளவை நம்பி வேலை தொடங்காதீர்கள். பூட்டப்போகும் சாமானையே கேட்டு வாங்கி, கழிவுத் துண்டொன்றில் ஓட்டை போட்டுப் பூட்டிப் பாருங்கள்.

அடுத்தது அடையாளம். தகட்டின்மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க வேண்டாம். படலம் இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கீறுங்கள். மையத்தில் சென்டர் பஞ்சால் இலேசாக ஒரு தட்டு. அடியில் தட்டையான இரும்பு இருக்க வேண்டும். பலமாக அடித்தால் மெல்லிய தகடு குழிந்துவிடும். பல தகடுகள் என்றால் ஒவ்வொன்றையும் அளந்து நேரத்தை வீணாக்காமல், தடித்த இரும்புத் துண்டில் ஒரு மாதிரி செய்து வைத்து அதன் வழியாகவே ஓட்டை போடுங்கள்.

பிறகு வேகம். பெரிய பிட்டுக்கு மெதுவான வேகம், சிறிய பிட்டுக்குக் கெதியான வேகம். அலுமினியத்துக்கு நான் பாவிக்கும் கணக்கு இது: 12,000 ஐ பிட்டின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் வருவது நிமிடத்துக்கான சுற்று. 5 மி.மீ. இற்கு 2,400. 10 மி.மீ. இற்கு 1,200. 50 மி.மீ. ஹோல் சோவுக்கு 240. இது சாதாரண ஹைஸ்பீட் பிட்டுக்கு ஆபத்தில்லாத கணக்கு. பெஞ்ச் ட்றிலில் பெல்ட்டை மாற்றச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டுவதால்தான் நம் ஊர் வேலைத்தளங்களில் பிட்டுகள் கெதியாகச் சாகின்றன.

அதோடு ஈரம். அலுமினியம் மெதுவான உலோகம். உலர வெட்டினால் சூடாகி, பிட்டின் வெட்டும் ஓரத்தில் பசை போல அப்பிக்கொள்ளும். அப்பிய பிட் வெட்டாது, கிழிக்கும். தூரிகையால் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. ஆனால் தீப்பொறி பறக்கும் இடத்தில் அது கூடாது. மெழுகுதிரியைப் பிட்டில் தேய்த்துக்கொண்டாலும் சிறிய வேலைகளுக்குப் போதும்.

கடைசியாகப் பிசிறு எடுத்தல். கவுண்டர்சிங்க் பிட்டை, அல்லது ஓட்டையைவிடப் பெரிய ட்றில் பிட்டைக் கையில் பிடித்து இரு பக்கமும் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். மெஷினில் போட வேண்டாம். விரல் ஓட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகப் பஞ்சுத் துண்டொன்றால் துடைத்துப் பாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

கையைக் காப்பாற்றுங்கள்

தகட்டைக் கையால் பிடித்து ஓட்டை போடக்கூடாது. எவ்வளவு அவசரமான ஓடராக இருந்தாலும் கூடாது. குறைந்தது இரண்டு கிளாம்ப் வேண்டும். பெஞ்ச் ட்றிலின் முன்னால் நிற்கும்போது, பிட் கொத்தினால் தகட்டின் உங்கள் பக்க முனை இடது பக்கமாக அடிக்கும். ஆகவே மேசையின் இடப்பக்கத்தில் தகடு சாய்ந்து நிற்க ஒரு போல்ட்டைத் தடுப்பாகப் பூட்டி வையுங்கள். கிளாம்ப் வழுக்கினாலும் அது பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடி கட்டாயம். சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் துணிக் கையுறை கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டால், பிட் கையுறையைச் சுற்றிக் கையையும் இழுத்துவிடும். தகட்டைத் தூக்கி இறக்கும்போது கையுறை, ட்றிலின் முன்னால் வெறுங்கை. நீளக்கை சேர்ட்டை மடித்துவிடச் சொல்லுங்கள். சுருளாக வரும் துருவலைக் கையால் இழுக்காமல் தூரிகையால் தள்ளச் சொல்லுங்கள். இரும்பு தீட்டும் கல்லில் அலுமினியத்தைத் தீட்ட விடாதீர்கள். கல்லின் கண்கள் அடைபட்டுச் சூடேறி, கல் வெடிக்கக்கூடும்.

இவற்றைச் சொல்வது முதலாளியின் வேலை. அன்று கிளாம்ப் போடாதது அந்தத் தம்பியின் தவறு என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனது வேலைத்தளத்தில் அன்று ஒரு கிளாம்ப்கூட இருக்கவில்லை. அதை வாங்கி வைக்காதது யார்?

இனி கணக்கு

20 ஓட்டைகளில் ஒன்றுதான் பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரன் என்று நாம் பெருமைப்படுவோம். 48 தகடுகளில் 144 ஓட்டைகள். 20 இற்கு ஒன்று என்றால் 7 ஓட்டைகள் பழுது. அந்த ஏழும் பெரும்பாலும் ஏழு வெவ்வேறு தகடுகளில்தான் வரும். ஆகவே பழுதாவது 7 தகடுகள். அவற்றில் சரியாகப் போட்ட 14 ஓட்டைகளின் கூலியும் அதோடு போய்விடுகிறது. நூற்றுக்கு ஐந்து என்று நாம் நினைத்த சேதாரம், நூற்றுக்குப் பதினைந்துக்குக் கிட்டப் போய்விட்டது. ஒரு சாமானில் எத்தனை வேலை செய்கிறோமோ, அத்தனை தடவை அது பழுதாக வாய்ப்பு இருக்கிறது. தையல் கடையானாலும் தளபாட வேலையானாலும் இதே கணக்குத்தான்.

என் கதையில் பழுதானது ஐந்து தகடுகள். அந்த ஐந்துக்காக இன்னொரு முழுத்தகடு வாங்க வேண்டி வந்தது. பாஸின் கூலி, வைத்தியச் செலவு, தம்பி வேலைக்கு வராத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த ஓடரில் லாபம் போய்க் கைக்காசும் போயிற்று. பாஸ் ஒரு ஸ்பெனரையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு ஒன்றரை நாளில் 144 ஓட்டைகளையும் போட்டு முடித்தார். ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

ஆகவே விலை சொல்லுமுன் நான்கு விஷயங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். ஓர் ஓட்டைக்கு அடையாளம் போடுவதிலிருந்து பிசிறு எடுப்பது வரை எத்தனை நிமிடம்? ஆயுதம் எது, அது நம்மிடம் இருக்கிறதா? சேதாரத்துக்கு எத்தனை துண்டுகள் மேலதிகம்? முதல் தகட்டை வாடிக்கையாளர் பார்த்து, சரி என்று கையெழுத்து வைத்தாரா? முதல் விஷயத்துக்கு ஊகம் வேண்டாம். கழிவுத் துண்டில் ஐந்து ஓட்டைகள் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

2022ஆம் ஆண்டு சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்த நாட்களில் ஒரு தகடு பழுதானால் அடுத்த தகட்டைப் பழைய விலைக்கு வாங்க முடியாது என்ற நிலை. அன்று தப்பிய வேலைத்தளங்களில் பல, மலிவாக வாங்கியதால் தப்பவில்லை. விரயத்தைக் குறைத்ததால் தப்பின.

ஒரே மாதிரித் தகடுகள் முந்நூறு, நானூறு என்று ஓடர் வந்தால் வெட்கப்படாமல் லேசர் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்கி, உங்கள் பங்கை வைத்து விலை சொல்லுங்கள். பத்து, இருபது, ஐம்பது என்று வரும் ஓடர்கள் இன்றும் நம்மைப் போன்ற சிறிய வேலைத்தளங்களுக்குத்தான் வருகின்றன. அவற்றை ஒழுங்காகச் செய்தால் போதும், பெரிய மெஷின் வாங்கிக் கடனில் விழ வேண்டியதில்லை.

கடைக்கு வந்த இளைஞர் கடைசியில் 22 மி.மீ. பிட்டை வாங்கவில்லை. என்னிடம் பஞ்ச் இருப்பில் இல்லாததால் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். எனது கடையில் அவர் வாங்கியது இரண்டு ஜீ கிளாம்ப் மாத்திரம். ஒரு வாரம் கழித்து, தான் செய்த தகடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஓட்டையின் விளிம்பில் பஞ்சுத் துண்டை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை.

என்னிடம் வேலை செய்த அந்தத் தம்பி இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறார். எங்காவது சந்தித்தால் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "நானா, ஓட்டையின் விலை" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உங்கள் வேலைத்தளத்தில் கிளாம்ப் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.